கை வைக்காமல் சொன்ன சொல்

சின்னவளின் இடுப்பு உடைந்த கதையை அத்தான் வாயால் கேட்க வேண்டும். அவ்வளவு அழகாகச் சொல்வார். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள், எங்கே புருவத்தைத் தூக்கினால் கைதட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார், ரேடியோவில் சொல்லியிருக்கிறார், ஒரு முறை இழவு வீட்டில்கூடச் சொல்லி அழுதுகொண்டிருந்தவர்களைச் சிரிக்க வைத்துவிட்டார். இடுப்பு சின்னவளுடையது. அதை வைத்து வாங்கிய பேரெல்லாம் அவருடையது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். நாடகக் குழு அவருடையது. எழுதுவது, இயக்குவது, நடுவில் நின்று நடிப்பது எல்லாம் அவர்தான். குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கதவு நாடகம். அதற்கு நீளமாக ஒரு தலைப்பு உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. ஒரு தரித்திரம் பிடித்த நாடகக் கோஷ்டி மேடை ஏறுகிறது. திறக்க வேண்டிய கதவு திறக்காது, மூட வேண்டிய கதவு மூடாது, ஒட்டிய மீசை கையோடு வரும். திரைக்கு முன்னால் ஒரு கூத்து, பின்னால் அதைவிடப் பெரிய கூத்து. பார்ப்பவர்களுக்கு எல்லாமே தப்பாக நடப்பதுபோலத் தெரியும். நடிப்பவர்களுக்கோ அதில் ஒரு தப்பும் நடக்கக் கூடாது. ஒரு கதவு கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் சிரிப்பு போச்சு.

அதில் உச்சம் கடைசி அங்கத்தில் வரும். கூடத்திலிருந்து ஒரு படிக்கட்டு மேலே போகும். மேலே ஒரு ஜன்னல். வாசல் கதவை மாமனார் உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே மாட்டிக்கொண்டவர் அந்த ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே மல்லாக்க வெளியே விழ வேண்டும். பின்னால் கீழே ஒரு தடித்த மெத்தை. விழுந்த வேகத்தில் எழுந்து, வேறு உடுப்பை மாட்டிக்கொண்டு, மாமனாருக்குப் பின்னாலேயே ஒன்றும் அறியாத பிள்ளையாக வாசல் வழியே வர வேண்டும்.

முகம் சபைக்கு, முதுகு கும்மிருட்டுக்கு. திரும்பிப் பார்த்தாலும், விளக்கு வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. அந்த நேரம் மேடையில் வேலை இல்லாத ஒருவர் கீழே நிற்பார். மெத்தையின் மேல் கை வைப்பார். வைத்த கையை எடுக்காமல் "மெத்தை" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் மேலே இருப்பவர் விழலாம். கை வைக்காமல் வாய் திறக்கக் கூடாது. மற்ற சட்டங்களை எல்லாரும் காற்றில் விட்டாலும் இதை விடமாட்டார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் விழுகிற வேஷம் சின்னவளுடையது. கீழே நின்றவர் அத்தான். அன்றைக்கு ஒரு சோபாவை நகர்த்துவதற்காக யாரோ மெத்தையை ஓரமாக இழுத்துவிட்டிருந்தார்கள். அத்தான் தட்டியில் இருந்த ஓட்டை வழியாகச் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் யாரோ பெரிய மனிதர் வந்திருந்தாராம். பார்த்த கண்ணை எடுக்காமல், பழக்கத்தில், "மெத்தை" என்றார்.

சின்னவள் விழுந்தாள். பலகையில் விழுந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சபை கொல்லென்று சிரித்தது. அத்தான் ஓடிவந்து குனிந்தார். வலியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் அவர் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. அடிபட்டதா என்று கேட்கவில்லை. "நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் குதிச்ச?" என்று கேட்டார், பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி. கேட்டுவிட்டு நேரே மேடைக்குப் போனார். என்ன சத்தம் அது என்று மாமனார் விழிக்க, "ஒண்ணுமில்ல மாமா, சமையல்கட்டுல பாத்திரம் விழுந்துடுச்சு" என்றார். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் சின்னவள் தரையில் கிடந்தாள்.

அந்த வசனம் அதற்குப் பிறகு நாடகத்திலேயே நிலைத்துவிட்டது. அவள் நிலைக்கவில்லை.

அவசரக்குடுக்கை என்று பேர் வந்ததுதான் அவளுக்கு மிச்சம். அம்மா சொன்னாள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா சொன்னாள். அன்றைக்கு அக்கா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள், எதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டுக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாடி?" என்றாள். சின்னவள் நடந்ததைச் சொன்னபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவரு பொய் சொல்லமாட்டாரு," என்றாள். அதற்குப் பிறகு சின்னவள் யாரிடமும் வாதாடவில்லை. நடுவில் சில வருஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே முந்தித்தான் விழுந்தோமோ என்று யோசித்து யோசித்துத் தன் காதையே நம்ப முடியாமல் போன நாட்கள் உண்டு. அத்தானை அவள் மன்னிக்காததற்கு உடைந்த எலும்பு பாதிக் காரணம் என்றால், அந்தச் சந்தேகம் மீதிக் காரணம்.

ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பாள். அங்கேதான் அத்தான் ஒரு நாள் வந்து நின்றார், வாயெல்லாம் பல்லாக. பல் வலி இல்லை.

"கதவு நாடகத்தை மறுபடியும் போடறோம். பழைய ஆளுங்கள்ல நீ இல்லாம எப்படி? அந்தச் சமையல்காரம்மா வேஷம் உனக்குன்னே வச்சிருக்கேன். நடை கொஞ்சம் அப்படி இப்படி இருந்தா அந்த வேஷத்துக்கு இன்னும் நல்லதுதான்."

காத்திருந்த நோயாளிகள் முன்னிலையில் சொன்னார், கூசாமல். சின்னவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "அக்கா வருவாங்களா?" என்று கேட்டாள்.

"வராம? எனக்குக் கோட்டு மாட்டிவிடற வேலை அவளுக்குத்தான். வேற யாரு மாட்டினாலும் எனக்கு ஒத்துவராது."

"அப்ப நான் வரேன் அத்தான்."

ஒத்திகை ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் நடந்தது. இந்த முறை விழுகிற வேஷத்தைக் கதாநாயகியிடமிருந்து பிடுங்கிக் கதாநாயகனுக்கு வைத்திருந்தார், அதாவது தனக்கு. அறுபதை நெருங்குகிற மனிதருக்கு இருபத்தைந்து வயது மாப்பிள்ளை வேஷம். "இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்?" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். உச்சச் சிரிப்பு இன்னொருவருக்குப் போவதை அத்தானால் தாங்க முடியுமா?

அந்தக் காட்சியில் வேலை இல்லாதது சமையல்காரம்மாவுக்கு. ஆகவே கீழே நிற்பது சின்னவள். இதைக் கண்டுபிடித்ததும் அத்தானுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. புதுப் பையன்களையும் பெண்களையும் சுற்றி உட்கார வைத்து, இடுப்புக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். முடித்துவிட்டு, "இப்ப நான் மேல, மச்சினி கீழ. பழி கிழி வாங்கிடாதம்மா, உங்கக்கா தாலி உன் கையில!" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். நடிப்பு அவளுக்கு மறந்துபோகவில்லை.

அவளுக்கு இன்னொரு வேலையும் தந்திருந்தார். அத்தான் மெத்தையில் விழும்போது சத்தம் வராதே? அதனால் மணல் மூட்டை ஒன்றை அவள் பலகையில் தொப்பென்று போட வேண்டும். உடனே அத்தான் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய், பாத்திரம் விழுந்த வசனத்தைச் சொல்வார். ஒவ்வொரு ஒத்திகையிலும் தன் இடுப்பு உடைந்த சத்தத்தைத் தன் கையாலேயே எழுப்பினாள் சின்னவள். "இன்னும் கனமா விழணும். அன்னைக்கு நீ விழுந்தியே, அந்த மாதிரி," என்று அத்தான் திருத்தினார். திருத்தியது விளையாட்டுக்கு அல்ல. வேலையில் அவர் அவ்வளவு கறார்.

மெத்தையை நகர்த்திவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு வராமலில்லை. ஒரு ஒத்திகையில், யாரும் பார்க்காத நேரம், நல்ல காலால் தள்ளிப் பார்த்தாள். லேசாக நகர்ந்தது. பிறகு யோசித்தாள். எலும்பு முறிந்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் மாலையும் பழமுமாகக் குவியும். படத்தோடு செய்தி வரும். கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் புதுக் கதை ஒன்று சொல்வார், இந்த முறையும் அழகாக. அக்கா கஞ்சி வைத்துக் கொடுப்பாள். சின்னவளுக்கு அவருடைய எலும்பு வேண்டாம். அவருடைய வாய் வேண்டும். அதிலிருந்து ஒரு வாக்கியம் வேண்டும், அதை அக்கா கேட்க வேண்டும். மெத்தையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள்.

முதல் நாள் அரங்கு நிரம்பி வழிந்தது. பக்கத்திலே போட்ட நாற்காலிகளும் போதவில்லை. முதல் இரண்டு அங்கமும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின. கடைசி அங்கம் வந்தது. செட்டின் பின்னால் இருட்டில் சின்னவள் மெத்தையின் பக்கத்தில் நின்றாள். எட்டிப் பிடித்துவிடுகிற தூரத்தில், மாற்றுக் கோட்டைக் கைகளில் விரித்துப் பிடித்தபடி அக்கா.

மாமனார் வாசல் கதவைத் தட்ட ஆரம்பித்தார். அந்த வேஷம் போட்டவர் பருமனான மனிதர். தட்டினால் செட்டே ஆடும். அத்தான் படியேறி ஓடிவந்தார். ஜன்னல் விளிம்பில் குண்டியைப் பதித்து உட்கார்ந்தார். சபையைப் பார்த்து ஒரு கும்பிடு. சிரிப்பு. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துச் சொல்லுக்குக் காத்திருந்தார்.

சொல் வரவில்லை.

"மெத்தை?" என்றார், உதட்டை அசைக்காமல்.

"ஒரு நிமிஷம் அத்தான்," என்றாள் சின்னவள் கீழேயிருந்து. "ஒண்ணு கேக்கணும்."

"இப்பவா?"

அது சபைக்குக் கேட்டுவிட்டது. அவர் முகம் அந்தப் பக்கம். எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் குரல் அங்கேதான் போகும். சின்னவளின் குரலோ தட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். கும்பிட்ட கையோடு ஒரு மனிதன் மேலே பார்த்து "இப்பவா?" என்று கேட்டதும், கடவுளிடம் பேசுகிறான் என்று நினைத்துச் சபை சிரித்தது.

"அன்னைக்கு மெத்தைமேல கை வச்சுட்டுத்தான் சொன்னீங்களா?"

அத்தானின் முதுகு விறைத்தது. வெளியே மாமனார் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆமா," என்றார் அத்தான்.

"நல்லா வச்சீங்களா?"

"வச்சேன்மா! வச்சேன்!" சிரிப்பு.

"அப்படின்னா சரி," என்றாள் சின்னவள். நீங்க வாங்க என்ற மரியாதையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. "அன்னைக்கு நீங்க எப்படி வச்சீங்களோ, நானும் இப்ப அப்படியே வச்சிருக்கேன். மெத்தை. விழுங்க அத்தான்."

பல் டாக்டரிடம் வேலை பார்த்ததில் சின்னவளுக்குப் பயத்தின் மூச்சு நன்றாகப் பழக்கம். நாற்காலியில் சாய்ந்தவுடன் பெரிய பெரிய மனிதர்கள் விடுகிற மூச்சு. அதை இப்போது தலைக்கு மேலே கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் காதில் இவ்வளவு இனிப்பாக எதுவும் விழுந்ததில்லை.

அத்தான் திரும்பிப் பார்த்தார். இருட்டு. விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். சபை கைதட்டியது, மாப்பிள்ளை பயந்து நடுங்குவதை இவ்வளவு தத்ரூபமாக யாரும் நடித்துப் பார்த்ததில்லை என்று நினைத்திருப்பார்கள்.

"விளையாடாத."

"நான் எங்க விளையாடறேன்? சொல்லு வந்துடுச்சு. விழ வேண்டியதுதானே? நான் விழலையா?"

"மாமா, கொஞ்சம் இருங்க!" என்று அத்தான் வாசலைப் பார்த்துக் கத்தினார். வசனத்தில் இல்லாத கத்தல். என்ன செய்வதென்று தெரியாமல் மாமனார் இன்னும் பலமாகத் தட்டினார். செட்டோடு ஜன்னலும் ஆடியது. அத்தானின் கால் ஒன்று காற்றில் உதறியது. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"வைக்கல!" என்றார்.

"என்ன அத்தான்? கேக்கல."

"கை வைக்கல! மெத்தையைப் பாக்கவே இல்ல! ஓட்டை வழியா வேடிக்கை பாத்துக்கிட்டு, பாக்காமயே சொல்லிட்டேன்!"

அரங்கம் அதிர்ந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. புரியாததும் வேடிக்கையாகத்தான் இருந்தது அவர்களுக்கு.

"நான் முந்தி விழுந்தேன்னு சொன்னது?"

"பொய்! நான் சொன்னதுக்கு அப்புறம்தான் நீ விழுந்த! போதுமா? போதுமாடி?"

சின்னவள் அக்கா பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை, அக்கா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது, பிறகு விட்டது கேட்கவில்லை. சின்னவள் குனிந்தாள். மெத்தையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். அது அங்கேயே இருந்தது, அங்கம் தொடங்கியதிலிருந்து அங்கேயேதான் இருந்தது.

"இப்ப நிஜமா கை வச்சிருக்கேன்," என்றாள். "மெத்தை."

பொய் இல்லாமல் சொன்னாள். சட்டப்படி சொன்னாள். ஆனால் அத்தான் விழவில்லை. "நிஜமாவா?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டார். முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் நிறுத்தினார்கள். அங்கிருந்து நிசப்தம் பின்வரிசை வரைக்கும் பரவியது. ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்தார், மறுபடி பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சுவரைப் பிடித்து உள்ளே இறங்கி, படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து கீழே வந்தார். வயசானவர் ஒருவர் மாடியிலிருந்து இறங்குவதை முழு அரங்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு அத்தான் பின்பக்கம் வந்தார். முதலில் கண்ணில் பட்டது மெத்தை. அதையும் அதன்மேல் இருந்த சின்னவளின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பழக்க தோஷம் விடவில்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு, அக்கா பக்கம் முதுகைக் காட்டிக் கைகளைப் பின்னால் நீட்டினார்.

"கோட்டு. சீக்கிரம்."

அக்கா கோட்டை மாட்டிவிடவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி நிக்கற? சபை காத்துக்கிட்டு இருக்கு!"

"அன்னைக்கு ராத்திரி நான் கேட்டேன்," என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "நிஜமா அவதான் முந்தினாளான்னு கேட்டேன். தொட்டில்ல தூங்கிட்டிருந்த புள்ள தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணீங்க. மெத்தையில வைக்காத கையை என் புள்ள தலையில வச்சீங்க."

சின்னவளுக்கு இது தெரியாது. இத்தனை வருஷமும் அக்காவை ஏமாளி என்று மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள்.

பின்னால் நீட்டிய கைகளை அத்தான் மெல்ல இறக்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு வசனம் கிடைக்காமல் போனதைச் சின்னவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"போங்க," என்றாள் அக்கா. "அப்படியே போங்க. உங்களுக்குத்தான் சிரிக்க வைக்கத் தெரியுமே."

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு மேடைக்கு வந்துவிட்ட மாமனார் தொண்டையைச் செருமினார். வேறு வழியில்லாமல் அத்தான் பனியனோடு வாசல் கதவைத் திறந்து உள்ளே போனார். சின்னவளும் அக்காவும் இருட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டார்கள். எங்கோ பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். தான் மட்டும்தான் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.